சடச்சிக்கு ஒவ்வாத பொங்கல்

செங்கப்பொத்தையில் எங்கள் எல்லோருக்கும் முதல் தாயான சடச்சி, செத்துப் பல தலைமுறை கழிந்து, ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமை காலையில், தனக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலை வாந்தியெடுத்தாள். நான் அப்போது கோயில் தூணோரம் நின்றிருந்தேன். ஆகவே இதைப் பார்த்தேன் என்றே எழுதுகிறேன். கேட்டதை மட்டும் கேட்டேன் என்று எழுதுவேன்.

சடச்சி என்பது நெஞ்சளவு உயரமுள்ள ஒரு கருங்கல். அவளைப் புதைத்த இடத்தில் நட்ட கல் என்கிறார்கள். மேல்பாதியில் குறுக்கே ஒரு பிளவு உண்டு, அதைத்தான் வாய் என்போம். அதுவரை வயல் வரப்பில் வெயிலிலும் மழையிலும் நின்றிருந்தவளை அந்த ஐப்பசியில்தான் பெயர்த்துக் கொண்டுவந்து, பளிங்குத் தரை போட்ட புதுக்கோயிலில் நிறுத்தி, பட்டுக் கட்டி, நெய்யும் முந்திரியும் மிதக்கப் பொங்கல் வைத்தார்கள். முதல் கவளத்தை வம்சத்து மூத்தவர் தன் கையால் ஊட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மூத்தவர் அணஞ்சி பெரியப்பா. முழுப்பெயர் சிவனணைந்த பெருமாள். கோயில் கமிட்டித் தலைவர். அவர் சுட்டுவிரலும் பெருவிரலும் சேர்த்து ஒரு கவளத்தை எடுத்துப் பிளவில் வைத்தார், கல் வாங்கிக்கொண்டது, இன்னொன்றும் வாங்கிக்கொண்டது, இலை முழுவதையும் வாங்கிக்கொண்டது. பிறகு அடிவயிற்றிலிருந்து எழுவதுபோல் ஒரு சத்தம் வந்தது, காய்ச்சல்காரர்கள் விடியற்காலையில் வாசலுக்கு ஓடிவந்து எழுப்புகிற அதே சத்தம், அதன் பின்னே மொத்தப் பொங்கலும் வெதுவெதுப்பாக, புளித்து, கொழகொழவென்று நூலிழுத்துக்கொண்டு பெரியப்பாவின் வேட்டியிலும் பளிங்கிலும் கொட்டியது. முந்திரி மட்டும் முழுசாக இருந்தது.

பொன்னுத்தாய்ச் சித்திதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அம்மைக்கு நெய் சேரலை போல. ரேஷன் நெய்யா, கம்பெனி நெய்யா?"

"ரேஷன்ல எங்கட்டி நெய் போடுதான்?" என்றார் பெரியப்பா, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி.

அடுத்த வெள்ளிக்கிழமை நெய்யை மாற்றினார்கள். அதற்கடுத்த வெள்ளி வெல்லத்தை மாற்றினார்கள். பொங்கலுக்குப் பதில் புளியோதரை வைத்தபோது அதையும் எடுத்தாள், பால் பாயசம் வைத்தபோது மூக்கு இருக்கவேண்டிய இடத்திலிருந்தும் வந்தது. கார்த்திகைப் பாதிக்குள் ஊர் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை என்றால் சடச்சி வாந்தியெடுப்பாள், திங்கள் என்றால் தபால்காரர் வருவார், அவ்வளவுதான். கழுவிவிட ஒரு சாக்கடை வெட்டினார்கள். பிறகு, அம்மையின் வயிற்றிலிருந்து வருவது சாக்கடைக்குப் போகலாமா என்று யாரோ கேட்க, சாக்கடையை மூடிவிட்டு ஒரு பித்தளை அண்டாவை வைத்தார்கள். அண்டா வந்த பிறகு அதில் நிறைந்ததை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்விக்குப் பெரியப்பா கண்டுபிடித்த பதிலுக்குப் பெயர் உமிழமுது.

அண்டாவில் இருந்ததையே பிரசாதமாகக் கொடுத்தார்கள். வாழையிலைத் துண்டில் ஒரு கரண்டி. வெளியூர்க்காரர்களும் வரிசையில் நின்றார்கள், அவசரக்காரர்களுக்குத் தனி வரிசை. தீராத தலைவலிக்கு நெற்றியில் பூசினார்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள் நாக்கில் தொட்டுக்கொண்டார்கள், புது மோட்டார் சைக்கிள்களின் பெட்ரோல் டாங்கில் பொட்டு வைத்தார்கள். காய்ந்து செதில் செதிலாக உதிரும் வரை அதைக் கழுவக் கூடாது. ஈக்கள் வந்தன. ஈக்கள் வருவதும் நல்லது என்று ஆனது. டவுனில் போய் எங்கள் ஆட்கள் என்ன வாங்கித் தின்கிறார்கள் என்பது டவுனுக்குத் தெரியும். ஆனால் ஊரில் ஒரு முட்டை உடைந்தால்கூட மூக்கைப் பொத்துகிறவர்கள், அந்தப் புளித்த கூழை விரலால் வழித்து, "என்ன மணம், என்ன மணம்" என்று சொல்லிக்கொண்டு விழுங்கினார்கள்.

கோயிலுக்குக் கலசம் வைப்பது வைகாசியில் என்று முடிவாயிற்று. அதற்கு ஒரு விழா மலர் போடவேண்டும், மலரில் அம்மையின் வரலாறு வரவேண்டும் என்று பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போய் முடித்து வந்தது நான்தான், அதுவும் வரலாறு.

"ஏட்டி கோமு, பட்டம் வாங்கியிருக்கெல்லா? நீதான் எழுதணும். பாண்டிய வம்சத்துலேர்ந்து ஆரம்பி. சடச்சின்னு எழுதாத. சடாமகுட அன்னபூரணின்னு எழுது."

"பெரியப்பா, பாண்டியருக்கும் நமக்கும்..."

"ஒரு தொடுப்பு இல்லாமலா போயிரும்? தேடு. அதுக்குத்தான படிக்க வச்சது."

"அவ எலி தின்ன கதையை எங்க போடணும்?"

அம்மா அடுப்படியிலிருந்து பாத்திரத்தைக் கீழே போட்டாள். பெரியப்பா காதில் எதுவும் விழாதவர்போல் மின்விசிறியைப் பார்த்தார்.

எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. அரிசி மூட்டையில் ஓட்டை கண்டால் "அவுக வந்துட்டுப் போயிருக்காவ" என்போம். பிள்ளையாருக்குக் கீழே இருப்பதை மூஞ்சூறு என்று சொல்ல அனுமதி உண்டு. எங்கள் ஊர்க் கடையில் பொறி விற்பதில்லை. ஏன் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை, ஏனென்றால் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், பேச்சு வருவதற்கு முன்பே எப்படியோ தெரிந்துவிடுகிறது.

தெரிந்தது இவ்வளவுதான், இது கேட்டது. தாது வருஷப் பஞ்சத்தில் கிழக்கேயிருந்து சடச்சி நடந்து வந்தாள், புருஷன் வழியிலேயே விழுந்துவிட்டான், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகள். இந்தப் பொத்தைக் குன்றடியில் அப்போது ஊர் கிடையாது, வற்றிப்போன ஒரு குளம் மட்டும், அதன் வெடிப்பெல்லாம் எலிவளை. மேலே மனிதர்கள் புல்விதையும் கற்றாழைக் கிழங்கும் தின்று செத்துக்கொண்டிருக்க, கீழே அவுக போன விளைச்சலின் கதிர்களை அடுக்கி வைத்துக்கொண்டு குடியிருந்தாவ. சடச்சி ஒரு கம்பை முனை சீவி அந்த வளைகளைத் தோண்டினாள். நெல்லைத் தனியே எடுத்தாள், உயிரைத் தனியே எடுத்தாள், வைக்கோலைக் கொளுத்திச் சுட்டாள். சதையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தலையையும் வாலையும் அவள் மென்றாள். புகையைப் பார்த்து ஆட்கள் வந்தார்கள், வந்தவர்களுக்கும் தோண்டினாள். மழை பெய்தபோது, அத்தனை பசியிலும் அவள் தின்னாமல் முடிந்து வைத்திருந்த வளைநெல்லைத்தான் குளத்தடியில் விதைத்தார்கள். எங்கள் வயல்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவை. பெரியப்பாவின் மாடிவீடும் அதிலிருந்து வந்ததுதான்.

பிறகு நிலம் வந்தது, நிலத்தோடு மரியாதை வந்தது, மரியாதையோடு ஒருநாள் மீன்சட்டிகளையெல்லாம் தெருவில் போட்டு உடைத்துவிட்டு இனி சைவம் என்று சத்தியம் செய்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வருகிற பெண்ணை வாசலில் நிறுத்தி, மஞ்சள் தண்ணீர் கொடுத்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, துப்பியது தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

என் மதினி தெய்வானையும் அப்படித் துப்பிவிட்டு வந்தவள்தான். ஆற்றங்கரை ஊர்க்காரி, அண்ணன் சமுத்திரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன, பிள்ளை இல்லை. டவுன் டாக்டர் இரண்டு பேரையும் பரிசோதிக்க வேண்டும் என்றார். "ரெண்டு பேரையுமா? அவனுக்கு என்ன வந்துச்சு?" என்று அம்மா கேட்டதோடு டாக்டர் முடிந்துபோனார். ஆகவே உமிழமுது பிள்ளை வரமும் கொடுக்கும் என்று பேச்சு கிளம்பியதும், முதல் இலைத்துண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது.

மதினி அதைத் தின்றாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். கண்ணை மூடவில்லை, மூக்கைப் பிடிக்கவில்லை. கல்லால் முடியாததை அவள் விழுங்கினாள். வாரந்தோறும் விழுங்கினாள். மார்கழியில் ஈரமாகக் கிடந்த அமுதில் புழு நெளிந்தபோது, "அது புழுவில்ல, பிள்ளையோட முளை" என்றாள் பொன்னுத்தாய்ச் சித்தி, கூட இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மதினி மெலிந்துகொண்டே வந்தாள். கையிலிருந்து வளையல்கள் தானாகக் கழன்று கிணற்றில் விழுந்தன. வயிற்றுப்போக்கில் பாயோடு கிடந்தவளைக் காட்டி, "உள்ள இருக்க பாவமெல்லாம் வெளிய போகுது" என்றார் பெரியப்பா. அதோடு விடவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை தொடங்கி ஒரு மண்டலம், வேறு சோறோ தண்ணீரோ இல்லாமல் உமிழமுது மட்டும் உண்டு தெய்வானை விரதம் இருப்பாள், கலசத்தன்று அவள் வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கும், அதை மலரில் படத்தோடு போடலாம் என்று கமிட்டியில் அறிவித்துவிட்டார்.

"அம்மா, செத்துப்போவா," என்றேன்.

"அம்மைக்கு முன்னால யாரும் சாக மாட்டாவ."

"அது அம்மைக்கே ஒத்துக்காம துப்புனதும்மா!"

"படிச்ச கொழுப்பு," என்று அம்மா எழுந்து போய்விட்டாள்.

அண்ணனிடம் சொன்னேன். அவன் லோடு ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்ததையே மறுபடி துடைத்தான். "நான் என்னத்தச் சொல்ல, கோமு?" என்றான். எனக்கு அவன்மேல் வந்தது கோபம் இல்லை. அண்டாவைப் பார்க்கும்போது வருமே, அது.

வியாழக்கிழமை காலை நான் பாண்டியரைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"கோமு, அம்மை ஏன் துப்புதாவ, சொல்லு."

"தெரியலை மதினி."

"தெரியும் ஒனக்கு. எனக்கு ஒருதடவ எங்க சின்னாத்தா காய்ச்சல்ல பால்கோவா ஊட்டுனா. காய்ஞ்ச வயித்துக்கு நெய்யும் சீனியும் தங்குமா? அவ பஞ்சத்துல செத்துப் பொழைச்சவ. அவ தின்னதக் குடுத்தாத்தான தங்கும்."

நான் எழுதுகோலை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"ஆத்தங்கரையில நாங்க அறுப்பு முடிஞ்சதும் வயக்காட்டுல தோண்டுவோம். எங்கய்யாவுக்கு வளையப் பாத்தாலே உள்ள எத்தனைன்னு தெரியும். ஒங்க வீட்டு வாசல்ல அதத்தான் கொப்பளிச்சுத் துப்புனேன்," என்று சொல்லி மதினி லேசாகச் சிரித்தாள். "மஞ்சத் தண்ணிக்கு என்ன தெரியும்?"

மாசி மாதம், பிசான நெல் அறுவடை முடிந்து வயல் தாளோடு கிடந்தது. வெயில் உச்சிக்கு ஏறியபோது, ஊர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த நேரத்தில், மதினியும் நானும் மண்வெட்டியோடு போனோம். அவளால் நிற்கவே முடியவில்லை, வரப்பில் உட்கார்ந்துகொண்டு விரலால் காட்டினாள், நான் வெட்டினேன். வளையின் ஒரு வாயை அடைத்து இன்னொன்றை வெட்டு என்றாள், அடைத்தேன், வெட்டினேன். கையை விடு என்றாள். விட்டேன். உள்ளே வெதுவெதுப்பாக, மயிரோடு, துடித்துக்கொண்டு ஒன்று என் உள்ளங்கைக்கு வந்தது. நேர்மையாகச் சொல்வதென்றால் அலறினேன், அருவருப்பில் முழங்கை வரை கூசியது. மதினி அதை என்னிடமிருந்து வாங்கி, ஒரே தட்டில் முடித்து, தாளைக் கொளுத்தி, வாட்டி, சாம்பலைத் தேய்த்து, வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்து, மறுபடி வாட்டினாள். மயிர் கருகும் நாற்றம் போய் வேறொரு மணம் வந்தது. வளைக்குள்ளிருந்த நெற்கதிர்களை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கோயிலில் யாரும் இல்லை. மதினி தன் கையால் ஊட்டினாள். கல் முகர்ந்தது. இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, ஆனால் முகர்ந்தது. பட்டுச்சேலை ஒருமுறை உள்ளே இழுபட்டு வெளியே வந்தது. பிறகு பிளவு திறந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. மெல்ல, விட்டுவிட்டு, பல்லில்லாதவர்கள் முறுக்கு தின்பதுபோல் சடச்சி தின்றாள். கடைசியில் நீளமாக ஓர் ஏப்பம் விட்டாள். அந்த ஏப்பத்தில் புகை வாசமும் சேற்று வாசமும் இருந்தன. மதினி கல்லின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, "போதுமா தாயி?" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கூட்டம் தெருமுனை வரை நின்றது. மண்டல விரதம் தொடங்குவதைப் பார்க்க மூன்று ஊர் ஆட்கள் வந்திருந்தார்கள். மதினியைப் புதுச்சேலை கட்டி அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பெரியப்பா முதல் கவளத்தை எடுத்துப் பிளவில் வைத்தார். கல் வாயைத் திறக்கவில்லை. பொங்கல் வழுக்கிக் கீழே விழுந்தது. இன்னொரு கவளம், அதுவும் விழுந்தது. அம்மை கோபமாக இருக்கிறாள் என்றார்கள், குலவையிட்டார்கள், சூடம் கொளுத்தினார்கள். பெரியப்பா குனிந்து பிளவை உற்றுப் பார்த்தார். ஓரத்தில் கறுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. வேர் என்று நினைத்திருக்க வேண்டும், இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். அது வந்தது, வந்துகொண்டே இருந்தது, முனை கூராக, கணுக்கணுவாக, பாதி வெந்து. ஒரு முழ வாலை எல்லோரும் பார்க்க அவர் தூக்கிப் பிடித்திருந்தார்.

"அவுக!" என்று கத்தினாள் பொன்னுத்தாய்ச் சித்தி.

அதன் பிறகு நடந்ததை ஒவ்வொன்றாக எழுத முடியாது. பெரியப்பா முதலில் எடுத்தார், பட்டு வேட்டியில். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். வரிசையில் முன்னால் நின்றவன் பின்னால் நின்றவன்மேல் எடுத்தான், அவன் அதற்குப் பின்னால். மாதக்கணக்காகக் கல்லின் வாந்தியை நக்கியவர்கள், புழுவுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள், ஒரே ஒரு வாலைப் பார்த்ததற்குக் குடல் வெளியே வர எடுத்தார்கள். பளிங்குத் தரை வழுக்கியது. பழைய சாக்கடையை மூடியிருந்ததால் எல்லாம் அங்கேயே தேங்கியது. அன்று செங்கப்பொத்தையில் வாந்தியெடுக்காதவர்கள் மூன்று பேர்: சடச்சி, மதினி, நான்.

"யாரு செஞ்சா?" என்றார் பெரியப்பா, வாயைத் துடைத்துக்கொண்டு.

"நான்தான்," என்று மதினி எழுந்தாள். "அவ தின்னா மாமா. துப்பலை."

"இந்தத் தீட்டுப் பிடிச்சவள வீட்ட விட்டு அனுப்பு," என்று அம்மா அண்ணனிடம் சொன்னாள்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் வேட்டியெல்லாம் வாந்தி. அவன் மதினியின் கையைப் பிடித்தான், வளையல் இல்லாத மணிக்கட்டைத் தடவிப் பார்த்தான், அப்போதுதான் முதல்முறை பார்க்கிறவன்போல. "அனுப்ப மாட்டேன். நானே கொண்டுபோறேன்," என்றான். லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. மதினி புதுச்சேலை முந்தானைக்கும் மாற்றி முடிந்திருந்த வளைநெல்லைக் குத்தி அங்கே முதல் கஞ்சி வைத்ததாகவும், அது வயிற்றில் தங்கியதாகவும் போனில் சொன்னாள். அது கேட்டது.

தீட்டுப்பட்ட கல்லைக் கயிறு கட்டி இழுத்துப் பழைய வரப்பிலேயே போட்டுவிட்டு, மாமல்லபுரத்திலிருந்து ஒரு புதுச்சிலை வாங்கிவந்தார்கள். சிரித்த முகம், கையில் கரண்டி. அவள் எதையும் தின்னவில்லை, எதையும் துப்பவில்லை. இரண்டாவது வெள்ளிக்கிழமையே வெளியூர் வரிசை நின்றுபோனது. அண்டாவில் பல்லி விழுந்து கிடந்தது. பங்குனி முடிவதற்குள், உண்மையான அம்மை உமிழாமல் என்ன கோயில் என்று ஊருக்குள்ளேயே பேச ஆரம்பித்தார்கள். பொன்னுத்தாய்ச் சித்திக்கு மறுபடி தலைவலி வந்துவிட்டது.

ஆகவே ஒருநாள் பெரியப்பா பித்தளைத் தூக்கில் பொங்கலோடு வரப்புக்குப் போனார். துணைக்குச் சித்தி போனாள், பின்னாலேயே நானும் போனேன், இது பார்த்தது. வாய் மூடிக் கிடந்த கல்லின் முன்னால் அவர் குந்தி உட்கார்ந்து கெஞ்சினார்.

"அம்மா, ஒரே ஒருதடவ. தின்னுட்டுத் துப்பிரு. நாங்க பாத்துக்கிடுதோம்."

கல் அசையவில்லை. அவர் கவளத்தைப் பிளவில் வைத்து, சுட்டுவிரலால் உள்ளே தள்ளினார். இன்னும் தள்ளினார். எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குப் பழக்கமானது, ஆகவே அவர் அலறுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

வைகாசியில் மலர் வந்தது. பாண்டிய வம்சத்தில் உதித்த சடாமகுட அன்னபூரணி, பஞ்ச காலத்தில் பொற்கிண்ணத்தோடு வந்து பாலும் பழமும் கொடுத்து மக்களைக் காத்தாள் என்று இருக்கிறது. நான் எழுதிக் கொடுக்கவில்லை என்பதால் அவரே எழுதி, அடியில் 'கோமதி, பி.ஏ. வரலாறு' என்று என் பெயரைப் போட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு பெயர் அச்சில் வந்தது இப்படித்தான். அம்மா அந்தப் பக்கத்தை மஞ்சள் தடவி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. அதனால்தான் இதை எழுதினேன். இது வயிற்றில் தங்குகிறது.

எதிர்ப்பக்கத்தில் கமிட்டித் தலைவரின் படம். கைகூப்பி நிற்கிறார், வலது சுட்டுவிரலில் வெள்ளைக் கட்டு, மற்ற விரல்களைவிடக் குட்டையாக. அந்தப் புத்தகத்தில் பொய் சொல்லாதது அது ஒன்றுதான். படத்தை மதினிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். பின்னால் அடுப்பும் ஆட்டோ ஹாரனும் கேட்டன.

"என்ன கோமு இது, கைல?"

நடந்ததைச் சொன்னேன்.

"நுனி போயிட்டா?"

"போயிட்டு மதினி."

அவள் அடுப்பை அணைப்பது கேட்டது. பிறகு, முக்கியமான ஒன்றை உறுதிசெய்துகொள்கிறவள்போல் நிதானமாகக் கேட்டாள்.

"துப்பிட்டாளா?"

"இல்ல மதினி. தினமும் போய்ப் பாக்குதேன். உள்ளதான் இருக்கு."